மாத்திரைக்கு அப்புறம் ஒரு மணி நேரம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்தத் தீவில் ஒருவருக்கும் உட்கார நேரம் கிடையாது. முதல் வெளிச்சத்தில் கிளம்பும் படகுகள் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். கடலில் கயிறு கட்டி வளர்த்த மியோக் பாசி, ஆள் நீளத்துக்குக் கரும்பச்சையாக, நீர் சொட்டச் சொட்டக் களத்தில் வந்து விழும். அடியில் காது மாதிரி சுருண்டிருக்கும் மடலை அறுத்துத் தனியே போட்டு, நடு நரம்பைக் கிழித்து, வலைச் சட்டங்களில் பரப்பிக் காய வைப்பது பெண்கள் பாடு. வெயில் முகம் கொடுக்கும்போதே முடித்துவிட வேண்டும். நனைந்த பாசி ஒரே நாளில் நாறிவிடும்.

தொக்பேயின் பெண்டாட்டி யோன்ஷிமும் அந்தக் களத்தில்தான் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. அவள் விரல்கள் மடங்குவதற்குக் காலை பத்து மணி ஆகிவிடும். அதுவரை முஷ்டி பிடிக்கச் சொன்னால், கையில் முட்டைக்கோஸ் வைத்திருப்பவள் மாதிரி விரல்கள் பாதியில் நிற்கும். ஆறு வருஷமாக முடக்குவாதம். மணிக்கட்டு, முழங்கால், கால் விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தது. அரிவாள் பிடிக்க முடியாமல் போனபோது, தொக்பே பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, அரிவாள் பிடியை அவள் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

பக்கத்துச் சட்டத்தில் வேலை செய்யும் மல்ஜாவுக்கு வாய் சும்மா இருக்காது. “நல்லா கட்டுப்பா. ஆனா சாயங்காலம் அவுக்க மறந்துறாத. பக்கத்துல படுக்கறவன் நீதான்.”

பெண்கள் சிரித்தார்கள். யோன்ஷிமும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையது ஓய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. இரண்டு வருஷமாக அவளுக்கு எல்லாமே மெதுவாகிவிட்டது. முகம் ஊதியது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்தன. கோடையிலும் பஞ்சுச் சட்டையைக் கழற்ற மாட்டாள். குரல் தடித்து, சளி பிடித்த ஆம்பிளைக் குரலாகிவிட்டது. முடக்குவாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மாத்திரை விழுங்குவாள், திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். அந்த மாத்திரையின் வேலைதான் இதுவும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தைராய்டு என்று தெரிந்தது. அதற்கும் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு தடவை அளவைக் கூட்டியும் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

வீட்டில் அவளுக்கு மூன்று வேளையும் பாசிச் சாறு கிடைத்தது. கொடுப்பவள் மாமியார். போகில் தீவிலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் எண்பது வயதிலும் ஊருக்கு அவள் போகில்காரிதான். காய்ந்த பாசியை ஊற வைத்து, எள்ளெண்ணெயில் வதக்கி, மட்டி போட்டு, சாறு பால் நிறத்துக்கு வரும்வரை கொதிக்க விடுவாள். காலையில் மருமகள் எழுந்து உட்காருவதற்குள் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

“குடி தாயி. சூட்டோட குடி. மாத்திரைய அதுக்கு மேல போட்டுக்க. வெறும் வயித்துல மருந்து போட்டா குடல அரிச்சுரும்.”

கிண்ணத்தைத் தானே தாங்கிப் பிடித்துக் குடிக்க வைப்பாள். போதாது என்று கொம்புப்பாசி என்ற இன்னொரு கடல்பாசியை இடித்துப் பொடியாக்கி, உருண்டை பிடித்து, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கொடுப்பாள். இத்தனைக்கும் மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் “ஏ புள்ள” என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டறியாதவள் போகில்காரி.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன், ஒரு ஜனவரியில், யோன்ஷிமுக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்கு அங்கே மூன்று வாரம் பாசிச் சாறுதான் ஆகாரம். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது. மூன்று நாள் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தை இறந்துபோனது. போகில்காரி அடுப்பிலிருந்த சாற்றுச் சட்டியை இறக்கினாள். மறுபடி ஏற்றவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து, “படுத்துக் கிடந்தா அழுதுக்கிட்டேதான் கிடப்ப. எந்திரிச்சுக் களத்துக்கு வா” என்றாள். மாரில் பால் கட்டி வலிக்க, யோன்ஷிம் உப்புத் தண்ணீரில் கை வைத்தாள். கடலிலிருந்து வந்த காற்று அன்று எலும்பு வரை போனது.

பச்சை உடம்பில் பட்ட காற்று எலும்பிலேயே தங்கிவிடும், வயசானதும் தலையெடுக்கும் என்பதில் அந்தத் தீவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. முடக்குவாதம் என்று தெரிந்த அன்றே ஊர்ப் பெண்கள் விரல் விட்டு எண்ணி, அது எந்த வருஷத்துக் காற்று என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சு போகில்காரியின் காதுக்கும் போனது. மறுநாள் காலையில்தான் முதல் கிண்ணம் வந்தது.

யோன்ஷிம் ஏன் என்று கேட்கவில்லை. குடித்தாள். குடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை ஒளிக்க வேண்டியதில்லை. இருபது வருஷம் கழித்தாவது கொண்டுவந்து நிற்கிறாளே, நிற்கட்டும் என்று இருந்தது. அந்தத் திருப்தியும் நாளாக நாளாகத் தேய்ந்துவிட்டது. கிண்ணத்தோடு வந்து நிற்கும் கிழவியைப் பார்த்தால் இப்போது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் செத்த குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்றுகூட யோன்ஷிமுக்குத் தெரியாது. பச்சைக் குழந்தைக்கு மண்மேடு எழுப்ப மாட்டார்கள், தாயிடம் இடத்தைச் சொல்லவும் மாட்டார்கள்.

அந்த மார்ச் மாதம், களம் நிறைய வேலை கிடக்கும்போது, கரையில், குவாங்ஜு நகர ஆஸ்பத்திரியில் யோன்ஷிமுக்கு முறை வந்தது. படகில் ஏறி, பஸ் பிடித்து, மதியம் போய்ச் சேர்ந்தாள். புது டாக்டர், சின்னப் பெண். காகிதத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா?”

“ஒரு நாள் தவறினதில்ல டாக்டரம்மா.”

“எப்படிப் போடுறீங்க?”

“சாறு குடிச்சுட்டுப் போடுவேன்.”

“என்ன சாறு?”

இதைக்கூடக் கேட்பார்களா என்று யோன்ஷிமுக்கு இருந்தது. “பாசிச் சாறுதான். வேற என்ன.”

“தினமுமா?”

“மூணு வேளையும். அப்புறம் கொம்புப்பாசி உருண்டை ரெண்டு. எங்க அத்தை பண்றது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “எத்தனை வருஷமா?”

“ஆறு.”

அதட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். “அம்மா, உங்க உடம்பு உங்களையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. மூட்டுலயும் அடிக்குது, கழுத்துல தைராய்டுலயும் அடிக்குது. பாசியில அயோடின் நெறைய. நல்லா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடிபட்ட தைராய்டுக்கு இவ்வளவு போனா அது இன்னும் சோர்ந்து படுத்துரும். போதாததுக்கு, சாத்தோட போட்டா மாத்திரையும் சரியாச் சேராது. காலைல எந்திரிச்சதும் வெறும் தண்ணில மாத்திரை. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் வாயில எதுவும் படக் கூடாது. பாசிய மூணு மாசம் சுத்தமா நிறுத்துங்க. பாப்போம்.”

“நாங்க பாசி விவசாயம் டாக்டரம்மா.”

“காயப் போடுங்க. சாப்பிடாதீங்க.”

கதவு வரை போன யோன்ஷிம் திரும்பி வந்தாள். “மூட்டு நோவு, பிள்ளை பெத்தப்ப பத்தியம் இல்லாததுனால வந்ததுதானே? காத்துல நின்னதுனால?”

“இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இருபத்தாறு வருஷமாக ஒருத்தி மேல் வைத்திருந்த வருத்தத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமியாருக்குக் கொண்டுபோக அவளிடம் இப்போது இரண்டு சேதி இருந்தது. உன் மருமகளின் மூட்டு நோய் உன்னால் வரவில்லை. உன் மருமகளின் தைராய்டு நீ ஊற்றிய சாற்றில்தான் மோசமாகிறது. ஒன்றைக் கேட்டால் கிழவி பிழைப்பாள். இன்னொன்றைக் கேட்டால் செத்துவிடுவாள்.

படகுத் துறையில் தொக்பே சின்ன லாரியோடு காத்திருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவன் வண்டியைக் கிளப்பவில்லை.

“நான் சொல்லிக்கிறேன் அம்மாட்ட.”

“வேணாம். நீங்க சொன்னா கத்திருவீங்க.”

“பின்ன குடிச்சுச் சாகப் போறியா?”

“குடிக்கல. ஆனா சொல்லவும் வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

அன்று சாயங்காலம் தட்டு வைத்ததும் நல்ல சேதியை மட்டும் எடுத்துவிட்டாள். “அத்தே, டாக்டரக் கேட்டேன். மூட்டு நோவு அந்தக் காத்துனால வந்தது இல்லையாம்.”

போகில்காரி அகப்பையை நிறுத்தவில்லை. “அப்ப அந்தக் காத்து எங்க போச்சாம்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னாங்க.”

“டாக்டரு எத்தன வயசு?”

“முப்பது இருக்கும்.”

“பிள்ளை பெத்தவளா?”

“அதெல்லாம் நான் கேக்கல.”

“கேட்டுருக்கணும்” என்றாள் கிழவி. கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி மருமகள் முன்னால் நகர்த்தினாள். “குடி தாயி. ஊருக்குப் போய் அலைஞ்சதுல உடம்பு வத்திக் கிடக்கும்.”

மறுநாளிலிருந்து யோன்ஷிம் கள்ளத்தனம் பழகினாள். தானே பிடித்துக் குடிப்பதாகச் சொல்லி, கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். சாறு அங்கே கிடந்த வீட்டு மஞ்சள் நாயின் சட்டிக்குப் போனது. உருண்டைகள் கோழிக் கூண்டுக்குள் போயின. நாய்க்கு முதல் நாள் பரமானந்தம். ஒரு வாரத்தில் அதுவும் சட்டியை முகர்ந்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தது. கிழவி பார்த்துப் பார்த்துப் பொறுக்கிப் போட்ட மட்டிகள் சட்டிக்குள் கிடந்தன. இதற்குச் சொல்லியே இருக்கலாம் என்று யோன்ஷிம் தினமும் நினைப்பாள். தினமும் வாய் வராது.

போட்டு உடைத்தவள் மல்ஜா. அவளை வையவும் முடியாது. இரண்டு வாரம் கழித்து, களத்தில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாசி கிழித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு கேலி தோன்றியது, சொன்னாள்.

“ஏ யோன்ஷிமு, உங்க வீட்டு மஞ்ச நாயி குட்டி போட்டுருக்கா? வேலி வழியா தினம் பாக்கறேன், ராசாத்தி கணக்கா பாசிச் சாறு குடிக்குது. அது ஆம்பள நாயின்னுல்ல நெனச்சேன்.”

களமே சிரித்தது. போகில்காரியின் கை நின்றது. பாதி கிழித்த பாசியை அப்படியே சட்டத்தில் வைத்தாள், எழுந்தாள், வீட்டைப் பார்த்து நடந்தாள். யோன்ஷிம் அரிவாள் கட்டைப் பல்லால் அவிழ்த்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனாள்.

சமையல்கட்டில் கிழவி நாயின் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என் கை ஆக்கினது இறங்கலையா உனக்கு?”

“அதில்ல அத்தே.”

“பின்ன? மன்னிக்க மாட்டேன்னு இருக்கியா? இருந்துக்க. அது உன் பாத்தியதை. ஆனா வாய தெறந்து சொல்லிருக்கலாம். நாய்க்கு ஊத்திருக்க வேணாம்.”

இனி ஒளிக்க வழியில்லை. தடித்த குரலில், மெதுவாக, யோன்ஷிம் சொன்னாள். அயோடினைப் பற்றிச் சொன்னாள், மாத்திரை சேராமல் போனதைச் சொன்னாள். “நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க அத்தே, நம்ம ஊர்ல யாருக்குமே தெரியாதே” என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அது கிழவியின் காதில் ஏறவில்லை.

போகில்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமோ கேட்பவள் மாதிரி கேட்டாள்.

“குடுக்க வேண்டிய அன்னைக்குக் குடுக்கல. குடுக்கக் கூடாத அன்னைக்கு வாயில ஊத்திருக்கேன். அப்ப நான் எப்பத்தான் சரியாச் செஞ்சேன்?”

“மூட்டு நோவு உங்களால வரல. அதையும் அந்த டாக்டருதான் சொன்னாங்க.”

“வரலைன்னா? நான் அன்னைக்குச் சட்டிய இறக்கினது இல்லைன்னு ஆயிருமா?”

ஆகாது என்பதுதான் உண்மை. அதை அந்த நேரத்தில் சொல்ல யோன்ஷிமுக்கு மனம் வரவில்லை.

கிழவி பரணிலிருந்த காய்ந்த பாசிக் கட்டுகளை ஒன்று விடாமல் இறக்கி வெளிக் கொட்டகையில் போட்டாள். பொடி டப்பாவைக் கடலில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அடுப்பு பக்கம் போகவில்லை. தொக்பே வெறும் சோற்றையும் கிம்ச்சி ஊறுகாயையும் மென்றுகொண்டே, “எங்கம்மா பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. எங்கப்பன் செத்த அன்னைக்குக்கூடப் பேசிட்டுத்தான் இருந்துச்சு” என்றான். அவனுக்குப் பயமாக இருந்தது. யோன்ஷிமுக்கும்தான்.

மூன்றாம் நாள் காலையில் மழை. களத்தில் வேலை இல்லை. யோன்ஷிம் விழித்தபோது போகில்காரி படுக்கை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ஒரு டம்ளர் வெந்நீர், இன்னொரு கையில் அலாரக் கடிகாரம்.

“வெறுந் தண்ணி. வேற ஒண்ணும் போடல. மோந்து பாத்துக்க.”

“எதுக்கு அத்தே.”

“போடு மாத்திரைய.”

யோன்ஷிம் விழுங்கினாள். கிழவி கடிகாரத்தைத் தரையில் வைத்து, முள்ளைக் காட்டினாள். “இது இங்க வர்ற வரைக்கும் வாயில ஒண்ணும் படக் கூடாது. முள்ளங்கியும் காஞ்ச மீனும் போட்டுச் சாறு வெச்சிருக்கேன். கொம்புப்பாசி கிள்ளிப் போடாம சாறு வெக்கிறது எனக்கே இதான் மொத தடவை. எப்படி இருக்கோ.”

“நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்.”

“நான் எங்க போறது. இருக்கேன்.”

இருந்தாள். ஆறு வருஷமாக அவள் வருவாள், கிண்ணத்தைப் பிடிப்பாள், போவாள். கையில் கிண்ணம் இல்லாமல் இந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், பிறகு மருமகளின் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள். வெளியே மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிருந்தது.

“நான்தான் தூக்கிட்டுப் போனேன்” என்றாள் போகில்காரி.

விரலை நீவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

“ஆம்பளைங்க எல்லாம் கடல்ல இருந்தாங்க. இன்னொருத்தர் கையில குடுக்க மனசு வரல. என் கல்யாணப் பாவாடையக் கிழிச்சுச் சுத்தினேன். மண்ணு குளிர்ல இறுகிக் கிடந்துச்சு. பாசி அறுக்கற அரிவாளாலதான் தோண்டினேன். ஆழமாத் தோண்ட முடியல. நாய் கிளறிருமோன்னு பயந்து கல்லுக் கல்லாக் கொண்டாந்து அடுக்கினேன். வீட்டுக்கு வந்தா அடுப்புல அந்தச் சாறு கொதிச்சுக்கிட்டு இருக்கு. அந்த மணமே எனக்கு ஆகல தாயி. அதான் இறக்கினேன். உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. என்னால அதக் கிளற முடியல.”

படுத்திருந்த யோன்ஷிமுக்குக் கண்ணீர் காதோரமாக வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. கிழவிதான் சட்டை முனையால் துடைத்துவிட்டாள்.

“களத்துக்கு ஏன் கூப்பிட்டீங்க?”

“வீட்டுல நீ அழுதா எனக்குக் கேக்குமே. களத்துல காத்துச் சத்தம் இருக்கும்.” அடுத்த விரலை எடுத்தாள். “அது தப்புத்தான். எனக்குத் தெரியும்.”

“அதுக்கு நான் பேரு வெச்சிருந்தேன்.”

“வெச்சிருந்தியா? மூணு நாள்லயா?”

“வயித்துல இருக்கும்போதே. தான்பி. இவருகிட்டகூடச் சொன்னதில்ல.”

“தான்பி” என்றாள் கிழவி. வேண்டும்போது பெய்கிற நல்ல மழைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். “நல்ல பேரு. தெரிஞ்சிருந்தா சொல்லித் தூக்கிட்டுப் போயிருப்பேன். பேரே இல்லாம தூக்கிட்டுப் போயிட்டேன்.”

கடிகார முள் எப்போதோ வந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஆறிப்போன முள்ளங்கிச் சாற்றைத் திரும்பச் சுட வைத்து யோன்ஷிம் குடித்தாள். ருசியே இல்லை. அதைச் சொன்னாள். “எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்று கிழவியும் ஒத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மழை விட்டது. யோன்ஷிமின் விரல்கள் ஏதோ மடங்கின. ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“எங்க அத்தே? காட்டுங்க.”

“உன் காலு ஏறாதே தாயி. மேடு. மழை வேற பெஞ்சிருக்கு.”

“ஏறுறேன்.”

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார்கள். கல் வரப்பு கட்டி, அடுக்கடுக்காகப் பூண்டு போட்டிருந்த சரிவு. முதல் வரப்பில் நாலு கல் படி இருந்தது. முதல் படியில் வலது காலை வைத்தாள். இடது காலைத் தூக்கியபோது வலது முழங்கால் மடங்கிவிட்டது. கிழவி தோள் கொடுத்தாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை வலியில் வாய் கோணியது. மூன்றாவது தடவை கிழவி விடவில்லை, படியிலேயே உட்கார வைத்துவிட்டாள்.

“போதும். இங்கயே உக்காரு. நான் போய் அங்க நிக்கறேன். நான் நிக்கற இடத்தப் பாத்துக்க.”

போகில்காரி ஏறினாள். எண்பது வயதுக் கால்கள் வழுக்காமல், பழகிய தடத்தில் போகிற மாதிரிப் போயின. அப்போதுதான் யோன்ஷிமுக்கு, இவள் இத்தனை வருஷமும் இங்கே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று புரிந்தது. ஊதா நிறப் பஞ்சுச் சட்டை ஈரப் பூண்டுத் தாள்களுக்கு நடுவே போயிற்று. இன்னும் மேலே, உச்சிக்கு, பைன் மரங்களுக்கு அப்பால் போவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டாவது வரப்பு முடிகிற மூலையிலேயே கிழவி நின்றுவிட்டாள். காலடியில் கொஞ்சம் கல் கிடந்தது. இவள் பக்கம் திரும்பி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

அவ்வளவுதான் தூரம். களத்தில் குனிந்து பாசி பரப்பிய இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தலையைத் தூக்கித் திரும்பியிருந்தால் அந்த மூலை தெரிந்திருக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். யோன்ஷிம் “தான்பி” என்று கூப்பிட்டாள். அந்தத் தடித்த குரல் முதல் வரப்பைத் தாண்டவில்லை. மேலே கிழவி காதில் கையை வைத்துக்கொண்டு, “என்ன தாயி? என்ன சொன்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.